கிழியாத பன்னிரண்டு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை இல்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவனின் பெயரே யாருக்கும் தெரியாது. போகட்டும், அவர்கள் செய்ததெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கான காரியம். மனிதனுக்கு மகிழ்ச்சியை முறைப்படி, மூன்று நகல்களில், வரிசை எண்ணிட்டு வழங்க முடியும் என்று காட்டிய ஒரே அமைப்பு அந்த ஊர்ப் பொது நூலகத்தின் 'கோடை விடுமுறை மகிழ்வாசிப்பு நூல் தேர்வுக் குழு'தான். இதற்கு வரலாறு என்ன கைம்மாறு செய்யப்போகிறதோ தெரியாது. நாம் நம்மால் ஆனதைச் செய்வோம்.

குழுவின் தலைவர், தலைமை நூலகர். இருபத்திரண்டு ஆண்டு அப்பழுக்கற்ற சேவை. அதில் ஒரு நாள்கூட அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து படித்ததில்லை என்பதை அவருடைய எதிரிகளே ஒப்புக்கொள்வார்கள். அலுவலக நேரத்தில் படித்தால் கடமை தவறுதல். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தால் அலுவலகச் சொத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துதல். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்மையான மனிதன் எங்கே போய்ப் படிப்பான்? சின்ன வயதில் சாப்பாட்டை மறந்து படித்தவர்தான் அவரும். நூலகத்தில் வேலை கிடைத்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

ஆண்டுதோறும் பள்ளிகள் மூடும் வாரத்தில் குழு கூடும். பிள்ளைகள் படித்து மகிழத்தக்க பன்னிரண்டு நூல்களைத் தேர்ந்தெடுக்கும். விடுமுறை முடியும்வரை பிள்ளைகளுக்கு அந்தப் பன்னிரண்டுதான் இரவல். மற்ற அலமாரிகளைப் பூட்டிவிடுவார்கள். மகிழ்ச்சி அங்கங்கே சிதறிப்போனால் யார் பதில் சொல்வது?

இந்த ஆண்டு கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை தலைமை நூலகர் வீட்டில் ஓர் இடி விழுந்தது. அவருக்கு ஒரே மகள். பத்து வயது. சென்ற ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற 'தூண்களின் வகைகள்' என்ற நூலை அப்பா கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காகப் பதினோராம் பக்கம்வரை படித்தவள். பதினோராம் பக்கத்தில் தூண்கள் இரண்டாவது வகைக்கு வந்திருந்தன.

"அப்பா, இந்தத் தடவையும் அறுவையா ஒண்ணைக் கொண்டுவந்தீங்கன்னா, இனிமே ஆயுசுக்கும் நான் கதைப் புத்தகத்தையே தொடமாட்டேன். சத்தியம்" என்றாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"கோபத்துல சொல்றா" என்றார் அவர், மனைவியைப் பார்த்து.

மனைவி மருந்துக்கடையில் வேலை செய்பவர். எந்த நோயையும் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பால் குடிக்கமாட்டேன்னு சொன்னாளே. இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு உள்ள போயிருக்கா? உங்க பொண்ணு. சொன்னா சொன்னதுதான்."

தலைமை நூலகர் பயந்துதான் போனார், இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஊரில் யார் படிக்காவிட்டாலும் அது புள்ளிவிவரம். தன் வீட்டுப் பிள்ளை படிக்காவிட்டால் அது வேறு. இந்த ஆண்டு தேர்வு ஓட்டையில்லாமல் நடக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

கூட்டம் வாசிப்பு அறையில் நடந்தது. சுவரில் 'பேசக் கூடாது' என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்ததால் குழு உறுப்பினர்கள் மகிழ்ச்சியைப் பற்றி ஒருவர் காதில் ஒருவர் ரகசியமாகத்தான் விவாதித்தார்கள். தலைவரைத் தவிர இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். எதைக் கொடுத்தாலும் அதில் குறை கண்டுபிடிக்கும் அரிய வரம் பெற்றவர். இன்னொருவர் பல் டாக்டர். சிரிப்புக்கும் பல்லுக்கும் உள்ள நெருக்கத்தைக் கருதிச் சேர்க்கப்பட்டவர். குறிப்பெழுதவும் தேநீர் வரவழைக்கவும் கவுன்டர் அக்கா உட்கார்ந்திருந்தார். புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்டரில் பதினெட்டு வருஷமாக இருப்பவர். எழுபது வயதுத் தணிக்கையாளரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்பது அந்த ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்பதால், பாரபட்சம் வந்துவிடக் கூடாதென்று அவருக்கு வாக்குரிமை தரப்படவில்லை.

"மகிழ்ச்சிங்கறது மனசு சமாச்சாரம்" என்று கிசுகிசுத்தார் தணிக்கையாளர். "மனசைத் தணிக்கை பண்ண முடியாது. ஆனா புத்தகத்தைப் பண்ணலாம். அதுக்குத்தான் இந்தப் படிவம்."

ஒன்பது கலங்கள் கொண்ட 'மகிழ்ச்சிச் சான்றுப் படிவம்' மேஜையில் விரிந்தது. தலைமை நூலகர் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். இத்தனை கோடு போட்ட ஒரு தாள் பொய் சொல்லுமா?

"ஒரு பையன் புத்தகத்தை எடுத்துட்டுப் போறான். அது கிழிஞ்சு திரும்பி வருது. என்ன அர்த்தம்?" என்று கேட்டார் தணிக்கையாளர்.

"என்ன அர்த்தம் ஐயா?"

"கோபம்! சந்தோஷமா இருக்கறவன் எதையாவது கிழிப்பானா? நீங்க கடைசியா எப்ப சார் ஒரு காகிதத்தைக் கிழிச்சீங்க?"

தலைமை நூலகர் யோசித்துப் பார்த்தார். இடமாறுதல் கேட்டு அனுப்பிய மனு நிராகரிக்கப்பட்டு வந்த அன்று. "கோபத்துலதான்" என்று ஒப்புக்கொண்டார்.

"பாத்தீங்களா? சரி, புத்தகம் லேட்டா வருது. என்ன அர்த்தம்? படிக்க முடியலை. ஒரு பக்கம் படிக்கறான், தூங்கிடறான். மறுநாள் மறுபடியும் அதே பக்கம். ஒரு மாசம் இழுக்குது. அடுத்தது, புத்தகம் திரும்பியே வரலை."

"தொலைச்சிட்டான்?" என்றார் பல் டாக்டர்.

"தொலைக்கலை டாக்டர். ஆத்திரத்துல தூக்கி எறிஞ்சுட்டான்."

குழு மெய்சிலிர்த்தது. உலகத்து நூலகங்களெல்லாம் இத்தனை காலம் கண்ணைத் திறந்துகொண்டே குருடாக இருந்திருக்கின்றன. அப்படியானால் மகிழ்ச்சி தரும் நூல் எது? குறித்த நாளில், கசங்காமல், கறைபடாமல், எடுத்த மாதிரியே திரும்பி வருவது. முதுகு விறைப்பாக, மூலை மடங்காமல் இருப்பது. வாசகன் அமைதியாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவது. அதுதான் நிறைந்த மனதின் அடையாளம்.

கவுன்டர் அக்கா இருமினார். "ஐயா, கிழிஞ்சது நிறையப் பேர் கை பட்டதால. லேட்டானது திருப்பிக் குடுக்க மனசு வராம."

"மனசு வராததுக்குப் படிவத்துல கலம் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அது நடக்கலை" என்றார் தணிக்கையாளர்.

அக்கா எழுந்து போய் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் நாற்பத்தொரு புத்தகங்கள். பசை, நூல், ஒட்டுத்தாள் என்று உடம்பெல்லாம் கட்டுப்போட்டுக்கொண்டு இருந்தன. மேலே இருந்ததற்கு முன்னட்டை இல்லை. முதல் நாலு பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லை. பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாததால் பதிவேட்டில் 'அட்டையில்லாதது' என்றே இருந்தது. ஒரு வீட்டில் திருடப் புகுந்தவன், அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டு, விடியும் முன் அவர்களுடைய வீட்டுப்பாடம் அத்தனையும் எழுதித்தர வேண்டிவந்த கதை.

"இது அறுபத்து மூணு தடவை லேட்டா வந்திருக்கு ஐயா" என்றார் அக்கா, பெருமையாக.

"அறுபத்து மூணா!" தணிக்கையாளர் மார்பில் கைவைத்தார். "எவ்வளவு வேதனைப்பட்டிருப்பாங்க குழந்தைங்க!"

பல் டாக்டரும் அந்தப் புத்தகத்தை அடையாளம் கண்டுகொண்டார். "என் கிளினிக்ல காத்திருக்கறவங்களுக்காக இதை எடுத்துட்டுப் போய் வச்சிருந்தேன். ஒரு பையன் வீங்கின கன்னத்தோட வந்தான். பேரைக் கூப்பிடறேன், வரமாட்டேங்கறான். 'இப்ப வலிக்கலை அங்கிள், இந்த அத்தியாயம் முடியட்டும்'ங்கறான். வலிக்கலையாம்! அது பல்லுக்குச் செய்யற துரோகம் இல்லையா?"

"எழுதிக்குங்க அக்கா" என்றார் தணிக்கையாளர். "உடல்நலத்துக்கு ஊறு."

பின்னட்டையைத் திருப்பியபோது இன்னும் மோசமான குற்றம் வெளியாயிற்று. கடைசிப் பக்கம் இல்லாத கோபத்தில் பிள்ளைகள் தாங்களே முடிவை எழுதித் தாள் தாளாக ஒட்டியிருந்தார்கள். ஏழு கையெழுத்து, ஏழு முடிவு. ஒன்றில் திருடன் கணக்கு வாத்தியார் ஆகிவிடுகிறான். இன்னொன்றில் அவன் எழுதிய வீட்டுப்பாடத்துக்கு முட்டை மதிப்பெண் கிடைத்து, பிள்ளைகளே அவனைப் போலீசில் ஒப்படைக்கிறார்கள்.

"அனுமதி இல்லாம எழுதினது" என்றார் தணிக்கையாளர். இதற்கு மட்டும் அவரிடம் விளக்கம் இல்லை. ஆனால் சிவப்பு மை இருந்தது.

இறுதியில் நாற்பத்தொன்றும் 'வாசகர் சினத்துக்கு இலக்கான நூல்கள்' என்று அறிவிக்கப்பட்டன. சனிக்கிழமை காகித ஆலை லாரியில் ஏற்றி அனுப்பவும், கூழான பின் அந்தப் பிள்ளைகளின் மனக்காயம் ஆறிவிடும் என்று நம்பவும் தீர்மானிக்கப்பட்டது. உத்தரவு தலைவரின் கையெழுத்துக்கு வந்தது.

"சார், ஒரே ஒரு பக்கம் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றார் கவுன்டர் அக்கா.

தலைமை நூலகரின் பேனா ஒரு கணம் நின்றது. தணிக்கையாளர் அவர் காதருகே குனிந்தார். "படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா நடுநிலை கெட்டுப்போயிடும் சார்." நியாயம்தான். தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பட்டியல் வெளியாயிற்று. 'உப்பு: இரண்டாம் பாகம்' முதலிடம் பிடித்தது. முதல் பாகத்தை நூலகம் வாங்கியதே இல்லை. இருபது ஆண்டுகளாக ஒரு மூலைகூட மடங்காத நூல் அது. 'கோணமானியைப் பேணுவது எப்படி?', 'சிறுவனே, சும்மா இருக்காதே!', 'மழைநீர் வடிகால்: சில நினைவூட்டல்கள்' ஆகியவை அடுத்தடுத்து வந்தன. எல்லாவற்றிலும் கிடங்கில் கட்டுப் பிரிக்காத பிரதிகள் ஏராளமாக இருந்தன. பிரித்தபோது புத்தம்புது வாசனை வந்தது. இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்?

தலைமை நூலகர் 'உப்பு: இரண்டாம் பாக'த்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகள் கையில் கொடுத்தார். மகள் சோபாவில் உட்கார்ந்து திறந்தாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கவனித்தார். மூன்று பக்கம் புரண்டது. அப்புறம் புத்தகம் மெதுவாக மூடிக்கொண்டது. அவள் அழவில்லை, கத்தவில்லை. எழுந்து வந்து அதை அவருடைய கைப்பையிலேயே வைத்தாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். அதோடு சரி.

எடுத்த நாளிலேயே திரும்பிவிட்டது. கசங்கவில்லை, கறை இல்லை. தணிக்கையாளரின் படிவப்படி பார்த்தால் ஒரு குழந்தை அடையக்கூடிய உச்சகட்ட ஆனந்தம் அதுதான். ஆனால் தலைமை நூலகருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை தன்னிடம் மரியாதைக்குப் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டாளே என்பது அவரை வாட்டியது. அன்றிலிருந்து அவள் மத்தியானமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவர் சீக்கிரமே நூலகத்துக்கு வந்தார். நூல்களை மூன்று சாக்குகளில் கட்டிப் பின்வாசலில் வைத்திருந்தார்கள். லாரி பத்து மணிக்கு. சாக்குகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது அவர் கடமை. மூன்றே சாக்கை எண்ண எவ்வளவு நேரம் ஆகும் என்று சிலர் கேட்கலாம். அவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முதல் சாக்கின் வாய் அவிழ்ந்திருந்தது. மேலே 'அட்டையில்லாதது' கிடந்தது. கண்காணிப்பு நோக்கில் மட்டுமே ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

திருடன் பெருக்கல் கணக்கில் தடுமாறிக்கொண்டிருந்தான். வீட்டின் கடைக்குட்டி அவன் தலையில் குட்டி, "மறுபடியும் போடு" என்று மிரட்டிக்கொண்டிருந்தது. தலைமை நூலகர் 'களுக்'கென்று சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இருபத்திரண்டு ஆண்டு சேவையில் இப்படி ஒரு களங்கம் அவருக்கு நேர்ந்ததே இல்லை.

லாரியின் ஹாரன் கேட்டது. அவர் சட்டென்று எழுந்து, புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரும்பினார். வாசலில் கவுன்டர் அக்கா நின்றிருந்தார்.

"சட்டைக்குள்ள என்ன சார்?"

"வயிறு."

"நேத்து இல்லையே சார்."

அக்கா சாக்குகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மிச்சம் நாப்பது இருக்கு சார். உத்தரவுல போட்டது உங்க கையெழுத்துதானே. நீங்க சொன்னா லாரி திரும்பிப் போயிடும்."

ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் தன் கையெழுத்தைத் தானே ரத்து செய்யும் தலைவன் நாளைக்கு எப்படித் தலைநிமிர்ந்து கையெழுத்துப் போடுவான்? 'ஒரு நிமிஷம்' என்பது போல விரலைக் காட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு விடுவிடென்று நடந்தார். லாரி நாற்பதையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளிடம் நீட்டினார்.

"நான்தான் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் வற்புறுத்தவில்லை. மின்விசிறிக்கு அடியில் தரையில் படுத்துக்கொண்டு தானே படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வயிறு குலுங்கியது.

"என்னப்பா சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்தத் திருடன் இருக்கானே…" மேலே சொல்ல முடியாமல் புரையேறிவிட்டது.

அவள் அவருடைய தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். தொடவில்லை, எட்டித்தான் பார்த்தாள். "ம், திருப்புங்க" என்றாள். திருப்பினார். "திருப்புங்கப்பா." திருப்பினார். அடுத்த பக்கத்தில் திருடன் 'என் லட்சியம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அவர் சிரிப்பை அடக்க முடியாமல் உருண்டுவிட்டார். பக்கம் புரளவில்லை.

"குடுங்க இங்க!" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள்.

ஆயுளுக்கும் செய்த சத்தியம் ஒரு வாரத்துக்குள் முடிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவியிடம் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னார். மனைவி மருந்தெதுவும் சொல்லவில்லை.

விடுமுறை முடியும் தருவாயில் குழு மறுபடியும் கூடியது. பட்டியலின் மகத்தான வெற்றியைப் பதிவு செய்வதற்காக. தணிக்கையாளரின் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"பன்னிரண்டு நூல். ஒரு பிரதிகூட லேட் இல்லை. ஒரு பக்கம்கூட மடங்கலை. பாதிக்குப் பாதி எடுத்த அன்னிக்கே திரும்பி வந்திருக்கு. ரெண்டாவது வாரத்துலேருந்து பிள்ளைங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. அவ்வளவு திருப்தி!"

பல் டாக்டர் சத்தம் வராமல் கைதட்டினார். தலைவருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அதைக் கிசுகிசுத்துப் படித்துக் காட்டினார்கள்.

"ஒரே ஒரு நெருடல்" என்றார் தணிக்கையாளர். "பதிவேட்டுல நாற்பத்தொண்ணு. காகித ஆலை ரசீதுல நாற்பது. ஒண்ணை யாரோ எடுத்திருக்காங்க." மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாக்கைக் கட்டினது நீங்கதானே அக்கா?"

கவுன்டர் அக்கா தலைவரைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். அதில் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"ஒரு விசாரணைக் குழு போட்டுடலாம்" என்றார் தணிக்கையாளர். "தலைவரா நம்ம சாரே இருக்கட்டும். அப்பதான் நேர்மையா நடக்கும்."

"சரி" என்று தலைவர் மின்விசிறியிடம் சொன்னார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அவருடைய மகள் வந்தாள். பின்னால் வாசலோடு அம்மா நின்றுகொண்டார். ஓடிவந்ததில் மகளுக்கு மூச்சு வாங்கியது. 'பேசக் கூடாது' என்ற பலகையை அவள் கவனிக்கவில்லை. அந்த அறையில் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முழுக்குரல் ஒலித்தது.

"அக்கா, ரொம்ப லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. கடைசிப் பக்கத்தை நாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன், அதான். எட்டாவது முடிவு என்னோடது. ஒட்டியிருக்கேன்." 'அட்டையில்லாதது' மேஜை நடுவில் வந்து உட்கார்ந்தது. "இதே மாதிரி இன்னும் நிறைய இருக்கும்ல? அதெல்லாம் எங்க?"

பல் டாக்டரின் வாய் திறந்தபடி நின்றது. கவுன்டர் அக்கா புத்தகத்தை எடுத்து, ஒட்டிய தாளை விரலால் நீவிவிட்டார்.

தணிக்கையாளர்தான் முதலில் சுதாரித்தார். குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "பாப்பா, இந்தக் கிழிசலை உனக்கு யார் குடுத்தா?"

"அப்பாதான். சட்டைக்குள்ளேருந்து எடுத்துக் குடுத்தாரு."

"பன்னிரண்டு நல்ல நல்ல புத்தகமா நாங்க பாத்துப் பாத்துப் பொறுக்கி வச்சிருக்கோமே. அதை விட்டுட்டு ஏம்மா இதைக் குடுத்தாரு?"

"நானும் அதான் கேட்டேன் தாத்தா" என்றாள் அவள். "அந்தப் பன்னிரண்டும் மத்த வீட்டுப் பிள்ளைங்களுக்குன்னு அப்பா சொன்னாரு."